நவீன மேலை மெய்யியல் தாளில் பெண் மெய்யியலாளர்கள்: எந்த வாரம், எந்தப் பக்கம், எந்தக் கேள்வி?

வாசல்மரம்:
எம்.ஏ. முதலாண்டு, நவீன மேலை மெய்யியல் தாள். டெகார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ், லாக், பெர்க்லி, ஹியூம், காண்ட் என்று ஏழு பேர். ஐந்து அலகு, 15 வாரம், வாரத்துக்கு நாலு மணி நேரம். பெண் மெய்யியலாளர்களையும் சேர்ப்பது என்று துறையில் முடிவாகிவிட்டது. கடைசி வாரத்தில் 'பெண் சிந்தனையாளர்கள்' என்று ஒரு தலைப்புப் போட்டு நாலைந்து பேரை அறிமுகம் செய்யலாம் என்பது இப்போதைய யோசனை. இது சரிவருமா? வராது என்றால் எதை வெட்டி இடம் பண்ணுவது? முழுப் புத்தகம் படிக்க வைக்க நேரமில்லை. பக்கக் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

எதிர்வாதி:
கடைசி வாரம் மட்டும் வேண்டாம். அது ரிவிஷன் நடக்கும் நேரம். மாணவர்கள் கொஸ்டின் பேங்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாலு மணி நேரத்தில் ஐந்து பேர் என்றால் பிறந்த ஆண்டு, எழுதிய நூல், பட்ட துன்பம் என்று வாழ்க்கைக் குறிப்போடு வகுப்பு முடிந்துவிடும். வாதம் ஒன்றுகூட கரும்பலகைக்கு வராது. இந்தப் பெண்கள் எதைப் பற்றி எழுதினார்கள் என்று கேட்டால், பெண்கள் பற்றி எழுதினார்கள் என்றுதான் மாணவர்கள் பதில் எழுதுவார்கள்.

யாருடைய வாதத்துக்கு யார் பதில் சொல்கிறாரோ, அந்த வாரத்திலேயே அவரை வையுங்கள். உங்கள் சிலபஸில் டெகார்ட் அலகின் கடைசி வரி பெரும்பாலும் 'உடல்-மனம் இருமைவாதம், விமர்சனங்கள்' என்று இருக்கும் (உடலும் மனமும் முற்றிலும் வேறு வேறு என்பதுதான் இருமைவாதம்). அங்கே வழக்கமாக 1949இல் வந்த கில்பர்ட் ரைலின் விமர்சனத்தைச் சொல்லி முடிப்போம். டெகார்ட் உயிரோடு இருக்கும்போதே, அப்படி வேறான மனம் உடலை எப்படி அசைக்கும் என்று அவரிடமே கேட்டவர் பொஹீமிய இளவரசி எலிசபெத். 1643 மே மாதம் முதல் கடிதம். அப்போது அவருக்கு வயது 24.

எடுக்க வேண்டியவை 1643 மே முதல் ஜூலை 1 வரையிலான ஐந்து கடிதங்கள். எலிசபெத் எழுதியவை மூன்று, டெகார்ட் எழுதியவை இரண்டு. லிசா ஷப்பிரோ மொழிபெயர்த்த 2007 சிகாகோ பதிப்பில் சுமார் 12 பக்கம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

முதல் மணி நேரத்தில் டெகார்ட்டின் 'தியானங்கள்' நூலில் ஆறாம் தியானத்தில் வரும் மாலுமி-கப்பல் பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள் (கப்பலில் மாலுமி இருப்பதுபோல உடலில் நான் வெறுமனே தங்கியிருக்கவில்லை என்பது அது). பிறகு கடிதத்தைக் கொடுக்கும் முன்னால், 'ஒரு பொருள் இன்னொன்றை எந்தெந்த வழியில் அசைக்க முடியும்?' என்று கேட்டு, வரும் பதில்களைப் பலகையில் எழுதுங்கள். எலிசபெத்தின் வாதம் அந்தப் பட்டியலில்தான் நிற்கிறது. அவர் மூன்று சொல்கிறார். அசையும் பொருள் தள்ளப்படுவது, தள்ளும் பொருள் எப்படித் தள்ளுகிறது என்பது, அந்தப் பொருளுடைய மேற்பரப்பின் தன்மையும் வடிவமும். முதல் இரண்டுக்கும் தொடுதல் தேவை. மூன்றாவதற்கு இடத்தை அடைக்கும் விரிவு தேவை. ஆன்மாவுக்கு விரிவு கிடையாது என்று டெகார்ட்டே சொல்லிவிட்டார். பொருளற்ற ஒன்று எதையும் தொடவும் முடியாது. அப்படியானால் அது கையை எப்படித் தூக்கும்?

டெகார்ட்டின் பதில், எடை ஒரு கல்லைக் கீழே இழுப்பதை நாம் புரிந்துகொள்வதுபோல இதையும் புரிந்துகொள்ளலாம் என்பது. இங்கே வகுப்பை நிறுத்தி, இந்த ஒப்புமை செல்லுமா என்று கேளுங்கள். எடை என்பதைத் தனித் தன்மையாகக் கொள்ளும் பழைய கருத்தைத் தவறென்று காட்டப்போவதாகச் சொன்னவரே டெகார்ட். தவறான கருத்தை வைத்து இன்னொன்றை எப்படி விளக்க முடியும் என்று ஜூன் கடிதத்தில் எலிசபெத் திருப்பிக் கேட்கிறார். பொருளற்ற ஒன்று உடலை அசைக்கிறது என்பதைவிட, ஆன்மாவுக்கும் பொருண்மையும் விரிவும் உண்டு என்று ஒப்புக்கொள்வதே எளிது என்பது அவர் முடிவு. ஆன்மா, உடல் இரண்டின் ஒன்றிப்பை அன்றாட வாழ்வும் புலன்களும் காட்டித்தரும் என்கிறார் டெகார்ட். ஆன்மா உடலை அசைக்கிறது என்பதைப் புலன்கள் காட்டுகின்றன, எப்படி அசைக்கிறது என்பதைக் காட்டவில்லையே என்கிறார் எலிசபெத். இது ஜூலை 1. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிசகும் இடம் ஒன்று உண்டு. எலிசபெத் தன் அறியாமையையும் மந்த புத்தியையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதுவார். அது அரசவைக் கடித மரியாதை. மாணவர்கள் அதை அப்படியே நம்பி, 'டெகார்ட்டிடம் சந்தேகம் கேட்ட மாணவி' என்று விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். மரியாதை வரிகளைப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுவிட்டு, மீதியிலிருந்து முற்கோள்களை (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்றுகளை) 1, 2, 3 என்று எண் போட்டு எழுதச் சொன்னால் இது நேராது.

கல்மேடை:
மூன்று கேள்வி. கடிதம் எழுதினால் மெய்யியலாளர் ஆகிவிட முடியுமா? எலிசபெத் தனியாக ஒரு நூலும் எழுதவில்லையே. அடுத்தது, தரம் பார்த்துச் சேர்க்கிறோமா, பெண் என்பதால் சேர்க்கிறோமா? மூன்றாவது, இவ்வளவு நல்ல வாதம் என்றால் முந்நூறு வருடம் ஏன் யாரும் பேசவில்லை?

எதிர்வாதி:
லைப்னிட்ஸ்-கிளார்க் கடிதங்கள் 1715-16. வெளி, காலம் பற்றிய பாடத்தில் அதை எல்லாரும் நடத்துகிறோம். டெகார்ட்டின் தியானங்களோடு அச்சான எதிர்ப்புகளும் பதில்களும் அதே வகைதான். 17ஆம் நூற்றாண்டில் கடிதம் என்பது இன்றைய ஆய்விதழ்க் கட்டுரை செய்யும் வேலையைச் செய்தது. பல்கலைக்கழகத்தில் இடமில்லாத பெண்களுக்கு அது ஒரு முக்கியமான வாசல். 1644இல் 'மெய்யியலின் கோட்பாடுகள்' நூலை டெகார்ட் எலிசபெத்துக்குத்தான் சமர்ப்பித்தார். 1649இல் வந்த 'ஆன்மாவின் உணர்ச்சிகள்' இந்தக் கடிதப் போக்குவரத்திலிருந்து முளைத்தது. தரத்துக்கு டெகார்ட்டே சாட்சி.

நூலடுக்கு:
மூன்றாம் கேள்விக்கு என் பதில். பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். 1690இல் ழீல் மெனாஜ் லத்தீனில் பெண் மெய்யியலாளர்களின் வரலாறு ஒன்று எழுதினார். பழைய நூல்களிலிருந்து மட்டும் 65 பேரைத் திரட்டியதாகச் சொல்கிறார். எய்லீன் ஓ'நீல் 1998இல் எழுதிய கட்டுரை இதை விரிவாகக் காட்டுகிறது: 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இவர்கள் படிக்கப்பட்டார்கள், மறுப்பும் எழுதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் மெய்யியல் வரலாறுகள் எழுதப்பட்டபோதுதான் பெயர்கள் உதிர்ந்தன. நம் பாடநூல்கள் அந்த வரலாறுகளின் பேரப்பிள்ளைகள்.

எலிசபெத் விஷயத்தில் இன்னொரு நேரடிக் காரணமும் இருக்கிறது. தன் கடிதங்களை வெளியிட அவர் சம்மதிக்கவில்லை. அதனால் நீண்ட காலம் டெகார்ட்டின் பதில்கள் மட்டும் அச்சில் இருந்தன. எலிசபெத் எழுதியவை 1879இல்தான் வெளிவந்தன. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளர் ஆன் கான்வேயின் நூல் அவர் இறந்து 11 ஆண்டு கழித்து, 1690இல், பெயர் போடாமல் லத்தீனில் அச்சானது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய மூலக் குறிப்பேடு இன்று இல்லை. நாம் படிப்பது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு.

நூலகத்தில் தேடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். அதே காலத்து ஆங்கில மெய்யியலாளர் மார்கரெட் கேவண்டிஷ் பழைய அட்டவணைகளில் 'நியூகாசில் கோமகள்' என்று இருப்பார். கான்வேயின் நூல் ஆசிரியர் பெயரில் கிடைக்காவிட்டால் தலைப்பை வைத்துத் தேடுங்கள். எலிசபெத்தின் கடிதங்கள் டெகார்ட் பெயரின் கீழேயே கிடக்கும். தேதியிலும் குழப்பம் வரும். முதல் கடிதம் சில பதிப்பில் மே 6, சிலவற்றில் மே 16. பழைய நாட்காட்டிக்கும் புதியதற்கும் அப்போது 10 நாள் வித்தியாசம். கடிதம் ஒன்றுதான்.

காசில்லாமல் வேண்டுமென்றால் ஜானதன் பென்னட்டின் 'எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்' தளத்தில் எலிசபெத்-டெகார்ட் கடிதங்களும் கான்வேயும் இருக்கின்றன. இன்றைய எளிய ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டவை, வகுப்புக்கு நல்லது. ஆனால் சொற்களையே மாற்றியிருப்பதால் ஆய்வேட்டில் அதிலிருந்து மேற்கோள் காட்டக்கூடாது. டியூக் பல்கலைக்கழகத்தின் 'புராஜெக்ட் வோக்ஸ்' தளத்தில் வாழ்க்கைக் குறிப்பு, நூல் விவரம் எல்லாம் கிடைக்கும்.

தென்கரை:
ஹியூம் அலகுக்கு மேரி ஷெப்பர்டை எடுங்கள். 1824இல் வந்த காரண-காரியம் பற்றிய அவருடைய நூல் ஹியூமை நேருக்கு நேர் மோதுகிறது. இதில் பெரும்பாலான வகுப்புகள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நம் சிலபஸில் ஹியூம் என்றால் 1748இல் வந்த 'விசாரணை' நூலின் நான்காம் பகுதிதான். அங்கே பேச்சு, 'இந்தக் காரணத்திலிருந்து இந்தக் காரியம் வரும் என்று எப்படித் தெரியும்?' என்பது. ஷெப்பர்ட் முதலில் தாக்குவது வேறொன்றை: 'தொடங்கும் எதற்கும் காரணம் இருந்தே ஆகவேண்டுமா?' அந்தக் கேள்வி 'மனித இயல்பு' நூலில், முதல் புத்தகம், மூன்றாம் பாகம், மூன்றாம் பகுதியில் இருக்கிறது. சில பக்கம்தான். அதைப் படிக்காமல் ஷெப்பர்டைக் கொடுத்தால், இந்த அம்மா யாரோடு சண்டை போடுகிறார் என்றே வகுப்புக்கு விளங்காது.

ஹியூமின் வாதம்: காரணம், காரியம் இரண்டும் வேறு வேறு கருத்துகள். ஆகவே, இந்தக் கணம் இல்லாத ஒரு பொருள் அடுத்த கணம் இருப்பதாக, காரணம் என்ற கருத்தை ஒட்டவைக்காமலே நினைத்துப் பார்க்க முடியும். முடிகிறது என்றால் அதில் முரண்பாடு இல்லை.

ஷெப்பர்ட் சொல்வது: சரி, நினைத்துப் பாருங்கள். வேறு எதுவுமே இல்லை, அந்தப் பொருள் தானாகத் தொடங்குகிறது. தொடங்குவது ஒரு செயல். செயல் என்றால் செய்யும் பொருள் இருக்க வேண்டும். ஆனால் அது இன்னும் இல்லை. இல்லாத ஒன்றுக்குச் செயலைக் கொடுக்கிறோம். அது முரண்பாடு. ஆகவே நீங்கள் நினைத்துப் பார்த்ததாகச் சொன்னதை உண்மையில் நினைத்துப் பார்க்கவே இல்லை.

இங்கே வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இப்படிப்பட்ட நிரூபணங்கள் எல்லாம் நிரூபிக்க வேண்டியதையே முன்கூட்டி வைத்துக்கொள்கின்றன என்று ஹியூம் அதே பகுதியில் கிளார்க்கையும் லாக்கையும் சாடியிருக்கிறார். அந்தச் சாட்டை ஷெப்பர்ட் மீது விழுமா? 'தொடங்குவது ஒரு செயல்' என்ற முற்கோளில் காரணம் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறதா? ஒரு பக்கம் ஆம், ஒரு பக்கம் இல்லை. 20 நிமிடம் போதாது, 40 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். தப்பிக்கிறார் என்றும் வாதாட முடியும், மாட்டுகிறார் என்றும் வாதாட முடியும். அதனால்தான் இது வகுப்புக்கு ஏற்ற பகுதி. காரணம் முன்னால், காரியம் பின்னால் என்பதையும் ஷெப்பர்ட் ஏற்பதில்லை. நெருப்பும் விறகும் சேரும் அந்தச் சேர்க்கையிலேயே புதிய தன்மை பிறக்கிறது, இரண்டும் ஒரே நேரம் என்கிறார். நேரம் இருந்தால் அதையும் தொடலாம்.

பெரியகுளத்தான்:
இணைப்புக் கல்லூரியில் இருப்பவர்கள் என்ன செய்வது? சிலபஸ் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு போடுவது. நாம் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. கொஸ்டின் பேப்பரும் வெளியிலிருந்து வரும்.

எதிர்வாதி:
தலைப்பை மாற்ற முடியாது, அதற்குள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. 'விமர்சனங்கள்' என்ற சொல்லுக்குள் எலிசபெத் வருவார், 'காரணக் கோட்பாடு' என்பதற்குள் ஷெப்பர்ட் வருவார். இன்டர்னல் 25 மதிப்பெண் உள்ள இடத்தில் ஒரு அசைன்மென்டை இதற்கு ஒதுக்குங்கள்.

தேர்வுத்தாள் எடுக்கும் பொறுப்பு வந்தால், 'இது அல்லது அது' என்ற தேர்வில் பெண் மெய்யியலாளரைத் தனிக் கேள்வியாக வைக்காதீர்கள். டெகார்ட்டின் முறை ஒரு பக்கம், எலிசபெத் மறுபக்கம் என்று வைத்தால் எல்லாரும் டெகார்ட்டையே எழுதுவார்கள். அதற்குத்தான் நோட்ஸ் இருக்கிறது. அடுத்த முறை, 'யாரும் எழுதுவதில்லை' என்று காரணம் காட்டி அந்தப் பகுதியையே தூக்கிவிடுவார்கள். ஒரே கேள்விக்குள் இரண்டு பேரையும் வையுங்கள். 'எடை பற்றிய டெகார்ட்டின் ஒப்புமை எலிசபெத்தின் எதிர்ப்புக்கு விடையாகுமா? காரணம் காட்டி எழுதுக.' எலிசபெத்தின் மூன்று வழிகளுக்கு 3, டெகார்ட்டின் பதிலுக்கு 3, மாணவரின் முடிவுக்கும் அதன் காரணத்துக்கும் 4 என்று விடைக்குறிப்பிலேயே பிரித்துப் போட்டால் திருத்துபவருக்கும் சிக்கல் இல்லை. 'எலிசபெத்தின் பங்களிப்பை விவரி' என்று கேட்டால் வாழ்க்கை வரலாறுதான் விடையாக வரும்.

சதுரக்கட்டம்:
எல்லாரும் வரலாற்றுத் தாளையே பேசுகிறீர்கள். தர்க்கவியல் தாளில் சேர்ப்பது இன்னும் எளிது, அங்கே இடம் பண்ணவே வேண்டாம். கிறிஸ்டீன் லாட்-பிராங்க்ளின் 1883இல் வெளியிட்ட சோதனை ஒன்று, சில்லாஜிசத்தின் (இரண்டு முற்கோள்களிலிருந்து ஒரு முடிவுக்கு வரும் வாதத்தின்) செல்லும் வடிவங்கள் பதினைந்தையும் ஒரே விதியில் அடக்கிவிடுகிறது. 'பார்பரா, செலாரென்ட்' என்று அந்த வடிவங்களின் பெயர்களை உருப்போட்டுக்கொண்டிருக்கும் மாணவருக்கு இது பெரிய விடுதலை.

செய்முறை இதுதான். இரண்டு முற்கோள்களையும் எழுதுங்கள், முடிவை மட்டும் மறுத்து எழுதுங்கள். எஸ், பி, எம் என்பவை மூன்று பதங்கள்; '= 0' என்றால் அப்படி ஒன்றும் இல்லை, '≠ 0' என்றால் ஒன்றாவது இருக்கிறது. 'எல்லா எம்-மும் பி' என்பது 'எம், ஆனால் பி அல்லாதது = 0'. 'சில எஸ், பி' என்பது 'எஸ், பி இரண்டுமானது ≠ 0'. இப்போது மூன்று விஷயம் பாருங்கள். சமமின்மை ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். இரண்டு சமன்பாட்டுக்கும் பொதுவான பதம் ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் மறுப்பாகவும் வர வேண்டும். மற்ற இரண்டு பதங்களும் சமன்பாட்டில் எப்படி இருந்தனவோ அப்படியே சமமின்மையிலும் வர வேண்டும்.

பார்பராவில் போட்டுப் பார்ப்போம். எம், பி அல்லாதது = 0. எஸ், எம் அல்லாதது = 0. முடிவை மறுத்தால், எஸ், பி அல்லாதது ≠ 0. சமமின்மை ஒன்று, சரி. எம் ஒருமுறை நேர், ஒருமுறை மறுப்பு, சரி. எஸ்ஸும் 'பி அல்லாத'தும் மாறாமல் வந்திருக்கின்றன, சரி. செல்லும்.

'டராப்டி'யை (எல்லா எம்-மும் பி, எல்லா எம்-மும் எஸ், ஆகவே சில எஸ், பி) போட்டால் மூன்றும் சமன்பாடாகவே வரும், சமமின்மையே இருக்காது. செல்லாது என்று சோதனை சொல்லும். பழைய பட்டியலில் அது செல்லும் வடிவம். 'எல்லா' என்று முழுமைக் கூற்று சொன்னால் அப்படிப்பட்ட பொருள் ஒன்றாவது இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் மரபு எடுத்துக்கொள்கிறது, இந்தச் சோதனை எடுத்துக்கொள்வதில்லை. இதை முதல் நாளே சொல்லாவிட்டால் 24 வடிவம் என்று படித்தவரும் 15 என்று படித்தவரும் வகுப்பில் மோதிக்கொள்வார்கள்.

லாட்-பிராங்க்ளின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் ஆய்வை முடித்தது 1882. பெண் என்பதால் பட்டம் தரவில்லை, 1926இல்தான் கொடுத்தார்கள். இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். சோதனையைச் செய்துகாட்டிய பிறகு சொல்லுங்கள், அப்போதுதான் அந்த 44 வருடம் என்னவென்று மாணவருக்கு உறைக்கும்.

தென்கரை:
சதுரக்கட்டம் சொன்னதோடு ஒன்று. அறவியல் தாளில் டிராலிச் சிக்கலை (ஓடும் வண்டியைத் திருப்பி ஐந்து பேரைக் காக்க ஒருவரைப் பலியிடலாமா என்பதை) எல்லாரும் நடத்துகிறோம். அதை 1967இல் முன்வைத்தவர் பிலிப்பா ஃபுட். அதை விரித்து, அந்தப் பெயரை நிலைக்க வைத்தவர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன். 'விளைவுவாதம்' (செயலின் சரி, தவறை விளைவே தீர்மானிக்கும் என்பது) என்று நாம் சொல்லும் ஆங்கிலப் பதத்தை 1958 கட்டுரையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எலிசபெத் ஆன்ஸ்கம். ஸ்லைடில் 'ஜி.இ.எம். ஆன்ஸ்கம்', 'பி. ஃபுட்' என்று முதலெழுத்து போட்டு, 'அவர் சொல்கிறார்' என்று பேசிக்கொண்டே போனால் மாணவர்கள் ஆண் என்றே வைத்துக்கொள்கிறார்கள். முழுப் பெயரை எழுதுங்கள். செலவில்லாத வேலை.

மணற்கேணி:
இந்திய மெய்யியல் தாளுக்கும் இதே முறை பொருந்துமா? கார்க்கி, மைத்ரேயி, மணிமேகலை?

நூலடுக்கு:
பொருந்தும், ஆனால் நூலாசிரியர் வேறு, நூலுக்குள் வரும் பாத்திரம் வேறு என்பதை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். மணிமேகலை வாதங்களைக் கேட்கிறாள், 29ஆம் காதையில் அறவண அடிகளிடம் பௌத்த அளவையியல் பாடம் பெறுகிறாள். எழுதியவர் சாத்தனார். அதைப் பெண் எழுதிய மெய்யியல் என்று நடத்துவது பிழை. கார்க்கி பிருகதாரண்யக உபநிடதத்தில் 3.6, 3.8 என இரண்டு இடத்தில் வருகிறார். 3.6ஐ மட்டும் படித்தால் யாக்ஞவல்கியர் கார்க்கியின் வாயை அடைத்ததோடு கதை முடிந்துவிடும். 3.8இல் மறுபடி எழுந்து கேட்பதும், சபைக்குத் தீர்ப்புச் சொல்வதும் கார்க்கியே. இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

இவர்களைவிட வகுப்புக்கு வளமானது மகாபாரத சாந்தி பர்வத்தில் பெண் துறவி சுலபாவுக்கும் அரசர் ஜனகருக்கும் நடக்கும் வாதம். நீ யார், யாருடையவள் என்று ஜனகர் கேட்கிறார். நல்ல பேச்சுக்கு நுட்பம், எண்ணிக்கை, வரிசை, முடிவு, பயன் என ஐந்து வேண்டும் என்று வரையறுத்துவிட்டுத்தான் சுலபா பதிலையே தொடங்குகிறார். உடலின் கூறுகள் கணந்தோறும் மாறிக்கொண்டிருக்க, யாரைப் பார்த்து 'நீ யார்' என்கிறீர்கள்? இருமை கடந்தவர் நீங்கள் என்றால் எனது, உனது என்ற கேள்வி எப்படி எழுந்தது? அவர் வகுத்த ஐந்தையும் அளவுகோலாக வைத்து அவர் வாதத்தையே மதிப்பிடச் சொல்லுங்கள், அருமையான அசைன்மென்ட் அமையும்.

வாசல்மரம்:
எல்லாருக்கும் நன்றி. இப்போதைய திட்டம்: 3ஆம் வாரம் இரண்டு மணி நேரம் எலிசபெத். 6ஆம் வாரம் லைப்னிட்ஸுக்கு முன்னால் ஆன் கான்வேயின் எட்டாம் அத்தியாயம். 11ஆம் வாரம் ஹியூமோடு ஷெப்பர்ட். இடத்துக்காக முதல் வாரத்தின் 'அறிவுவாதத்தின் பொது இயல்புகள்' என்ற அறிமுகத்தையும் டெகார்ட் வாழ்க்கை வரலாற்றையும் எடுத்துவிடுகிறேன். கேவண்டிஷுக்கு இடமில்லை. லைப்னிட்ஸ் 'மோனாட்' (பகுக்க முடியாத அடிப்படைப் பொருள்) என்ற சொல்லைக் கான்வேயிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று சொல்லி அந்த வகுப்பைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

எதிர்வாதி:
அந்தத் தொடக்கம் வேண்டாம். தன் கருத்துகள் காலஞ்சென்ற கான்வே சீமாட்டியின் கருத்துகளுக்கு நெருக்கமானவை என்று 1697இல் லைப்னிட்ஸே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அது உறுதி. சொல்லையே எடுத்தார் என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. ஒரு மாணவர் தோண்டிப் பார்த்துக் கேட்டால் வகுப்பு முழுக்க அந்தத் தகராறிலேயே போய்விடும். எட்டாம் அத்தியாயம் உங்கள் 3ஆம் வாரத்தோடு தானாகவே சேரும். உடலுக்குக் காயம் பட்டால், முற்றிலும் வேறு இயல்புடைய ஆன்மா ஏன் துன்பப்பட வேண்டும் என்று கான்வே கேட்கிறார். உடலும் ஆன்மாவும் ஒரே இயல்பு, அளவில்தான் வேறுபாடு என்பது அவர் விடை. எலிசபெத் 'எளிது' என்று சொல்லி விட்டுவைத்த பாதையில் இவர் நடந்தே போய்விட்டார். அந்தக் கேள்வியோடு தொடங்குங்கள்.

கேவண்டிஷை முழுவதும் விடாதீர்கள். 1664இல் வந்த 'மெய்யியல் கடிதங்கள்' நூலில் டெகார்ட் மீதான பகுதியிலிருந்து ஒன்றரைப் பக்கம் போதும், டுடோரியலில் வைத்துக்கொள்ளலாம். கை பந்தைத் தள்ளும்போது கையிலிருந்து பந்துக்கு அசைவு தாவுவதில்லை, பந்து தானே அசைகிறது என்பது அவர் நிலை. அசைவைப் பொருளிலிருந்து பிரிக்க முடியாது. அசைவு தாவினால் கொஞ்சம் பொருளும் கூடவே போக வேண்டும், எறிய எறியக் கை தேய்ந்துகொண்டே வர வேண்டும் என்கிறார். டெகார்ட்டின் 'கோட்பாடுகள்' இரண்டாம் பாகம் 36ஆம் பத்தியை, அசைவின் அளவு மாறாது என்பதை, பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனித் தாளில் அச்செடுத்துக் கொடுப்பது நல்லது. ஒரே தாளில் கொடுத்தால் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தைப் பார்த்ததும் டெகார்ட்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.